ரயிலில் விட்ட அம்மிக் குழவி: பயணத்தில் தொலைத்ததைத் திரும்பப் பெற முழுமையான வழிகாட்டி

நாலு வருடம் முன்பு திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு இரவு ரயிலில் வந்தபோது, ஆச்சியின் அம்மிக் குழவியை வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்கினேன். ஐந்து கிலோ இருக்கும். பழைய கோதுமைப் பையில் சுற்றிச் சணல் கயிறு கட்டி, கீழ் பெர்த்துக்கு அடியில் கடைசி வரைக்கும் தள்ளி வைத்திருந்தேன். அப்படித் தள்ளியதுதான் தப்பு. தாம்பரத்தில் பெட்டி இறங்கியது, முதுகுப்பை இறங்கியது, அல்வா டப்பாகூட இறங்கியது. கல் மட்டும் எழும்பூர் போய்விட்டது. வீட்டுக்குள் காலை வைத்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "குழவி எங்கல?"

ரயில்வே உதவி எண் 139-ஐ அழைத்தேன். "பொருள் என்ன சார்?" "அம்மிக் குழவிங்க." "என்னது?" "கல்லுங்க. மசாலா அரைக்கிற கல்லு." மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. ஆனால் எழுதிக்கொண்டார்கள். மதியம் எழும்பூரிலிருந்து போன் வந்தது. போய்ப் பார்த்தால் மேசைக்கு அடியில் என் கோதுமைப் பை. பணியில் இருந்தவர் பையைப் பிரிக்காமல் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "கல்லுல ஏதாவது அடையாளம் இருக்கா?" ஒரு முனை உடைந்திருக்கும், அதில் மஞ்சள் ஏறிப்போயிருக்கும் என்றேன். பிரித்துப் பார்த்தார், சிரித்தார், கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டார்.

எனக்கு முன்பே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தவருக்கு அவ்வளவு சுலபமாக முடியவில்லை. அவர் தேடி வந்தது கறுப்பு டிராலி பெட்டி. அறையில் மூன்று கறுப்பு டிராலி இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் "துணிமணி சார்" என்கிறார். எந்தப் பயணப் பெட்டிக்குள்தான் துணிமணி இல்லை? கடைசியில் மனைவிக்குப் போன் போட்டார். மஞ்சள் துண்டு, அதற்குள் சுற்றிய மிக்ஸி ஜார் என்று அந்தம்மா சொன்னபிறகுதான் பெட்டி திறந்தது.

அன்றைக்குப் புரிந்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். விசித்திரமான பொருள் திரும்பி வந்துவிடும். எல்லோரிடமும் இருக்கிற பொருள்தான் தொலைந்துபோகும். ஆகவே நம் வேலை இரண்டு: சீக்கிரம் சொல்வது, நம் பொருளை வார்த்தையால் விசித்திரமாக்கிச் சொல்வது. இனி ஒவ்வொரு படியாகப் பார்க்கலாம்.

படி 1: முதல் ஐந்து நிமிடம்

வண்டி இன்னும் பிளாட்பாரத்தில் நிற்கிறதென்றால் போய் எடுங்கள். நகர ஆரம்பித்துவிட்டால் விட்டுவிடுங்கள். ஓடுகிற வண்டியில் தொற்றுவதற்கு எந்தப் பையும் தகுதியில்லை. உள்ளே இருக்கிற சகபயணியின் எண் உங்களிடம் இருந்தால் அதுதான் முதல் போன். எதிர் இருக்கைக்காரரிடம் ராத்திரி பேச்சு கொடுத்ததன் பலன் இப்போது தெரியும்.

அடுத்து, எதையும் செய்வதற்கு முன்பு, நினைவில் இருப்பதை எழுதிக்கொள்ளுங்கள். வண்டி எண், பெட்டி, இருக்கை, இறங்கிய நேரம், பொருள் இருந்த இடம். பெர்த்துக்கு அடியிலா, மேலே ரேக்கிலா, ஜன்னலோரக் கொக்கியிலா, சார்ஜர் முனையிலா, கழிப்பறை அலமாரியிலா? கழிப்பறை அலமாரியில் மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றி வைத்துவிட்டு வருகிறவர்கள் நிறைய. பத்து நிமிடம் கழித்து எழுதினால் நினைவோடு கற்பனையும் சேர்ந்துகொள்ளும்.

முன்பதிவு இல்லாத பெட்டியில் வந்தவர்களுக்கு இருக்கை எண் கிடையாது. அப்போது இன்ஜினிலிருந்து எத்தனையாவது பெட்டி என்று சொன்னால் போதும். பெட்டியின் வெளிப்புறத்தில் பெரிய எண்ணாக எழுதியிருப்பது நினைவிருந்தால் இன்னும் நல்லது. அந்த எண்ணின் முதல் இரண்டு இலக்கம் பெட்டி செய்யப்பட்ட வருடம். 17 என்று தொடங்கினால் 2017-இல் செய்தது. பொருள் தேட இது உதவாது, ஆனால் பெட்டி எண் மனதில் நிற்க உதவும்.

படி 2: விட்டதா, போனதா?

நாம் மறந்துவிட்டு வந்ததும், யாரோ எடுத்துப் போனதும் வேறு வேறு கதை. போகவேண்டிய வாசலும் வேறு.

மறந்துவிட்டதென்றால் ரயில்வே பாதுகாப்புப் படை, அதாவது ஆர்பிஎஃப். இது மத்திய அரசின் படை. 139 வழியாக நீங்கள் சொல்வது இவர்களுக்குத்தான் போகும். திருட்டு என்றால் ரயில்வே போலீஸ், நம் ஊரில் தமிழ்நாடு இருப்புப்பாதை காவல்துறை. வழக்குப் பதிவது இவர்கள் வேலை. இவர்களுக்கான எண் 1512. ஓடுகிற வண்டியிலேயே டிடிஇயிடம் புகார்ப் படிவம் வாங்கி எழுதிக் கொடுக்கலாம். இறங்கிய ஊரில் கொடுத்தாலும் வாங்க வேண்டும். "சம்பவம் நடந்தது எங்கள் எல்லை இல்லை" என்று யாராவது சொன்னால் ஜீரோ எஃப்ஐஆர் என்ற சொல்லைச் சொல்லுங்கள். 2024 ஜூலை 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த பிஎன்எஸ்எஸ் என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவில், குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிந்துகொள்ள வேண்டும் என்று இருக்கிறது.

சந்தேகமாக இருந்தால் முதலில் மறதி என்றே வைத்துக்கொண்டு 139-க்குச் சொல்லுங்கள். சொல்லி அரை மணியில் "அந்த இடத்தில் ஒன்றும் இல்லை" என்று பதில் வந்தால் போலீஸுக்குப் போகலாம். தலைகீழாகச் செய்தால், நீங்கள் காவல் நிலையத்தில் எழுதிக்கொண்டிருக்கும்போது வண்டி யார்டுக்குப் போய்விடும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். ரயில்வே சட்டம் 1989, பிரிவு 100: முறைப்படி புக் செய்து ரசீது வாங்காத, நீங்களே கையில் கொண்டுவந்த சாமான் தொலைந்தால், ஊழியரின் அலட்சியம் அல்லது முறைகேட்டால்தான் தொலைந்தது என்று நிரூபித்தால் ஒழிய ரயில்வே பொறுப்பில்லை. மறந்துவிட்டு வந்ததற்கு இழப்பீடு கேட்பது வீண். தேடித் தரச் சொல்வதில்தான் நம் சக்தியைச் செலவிட வேண்டும்.

படி 3: யாரைக் கூப்பிடுவது?

தொலைதூர ரயில் என்றால் 139, இல்லையென்றால் ரயில்வேயின் புகார்ச் செயலியான ரயில்மதத். பிஎன்ஆர் எண்ணைக் கொடுத்தால் வண்டியும் பெட்டியும் தானாகவே வந்துவிடும். செயலியின் நன்மை, பொருளின் படத்தைச் சேர்க்கலாம், புகார் எண் கையில் இருக்கும். போனின் நன்மை, கேட்டதற்கு உடனே பதில் சொல்லலாம். நான் இரண்டும் செய்வேன். அடுத்து வரும் நிலையத்தில் ஆர்பிஎஃப் காவலர் பெட்டிக்குள் ஏறிப் பார்த்து எடுத்து வைப்பார். எந்த நிலையத்தில் எடுக்கிறார்களோ அங்கே போய்த்தான் வாங்க வேண்டியிருக்கும். எனவே வண்டி கடைசி நிலையத்தை நெருங்கிவிட்டதென்றால் அங்கேயே எடுத்து வைக்கச் சொல்வது வசதி.

கடைசி நிலையத்துக்குப் போனபின் என்ன ஆகிறது என்று தெரிந்தால் ஏன் இத்தனை அவசரம் என்று புரியும். பயணிகள் இறங்கியதும் வண்டி பராமரிப்புக்குப் போகும். எழும்பூர் வண்டிகளுக்குச் சேத்துப்பட்டுப் பக்கம் கோபாலசாமி நகர் யார்டு, சென்ட்ரல் வண்டிகளுக்குப் பேசின் பிரிட்ஜ். அங்கே துடைப்பவர், தண்ணீர் நிரப்புபவர் என்று பல கை மாறும். ஏசி பெட்டியென்றால் அதற்கும் முன்பே அட்டெண்டன்ட் போர்வை, விரிப்பு எல்லாவற்றையும் சுருட்டி மூட்டை கட்டிவிடுவார். கண்ணாடி, போன், ஹெட்போன், மாத்திரை டப்பா எல்லாம் அந்த மூட்டைக்குள் போய்விடும். ஏசியில் சின்னப் பொருளை விட்டவர்கள் இருக்கையில் தேடச் சொல்வதோடு நிறுத்தாமல், "பெட்ரோல் மூட்டையையும் பாருங்கள்" என்று சொல்லுங்கள். பெட்ரோல் என்றால் வண்டிக்கு ஊற்றுவது இல்லை, படுக்கை விரிப்புச் சுருளை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

புறநகர் ரயிலில் பிஎன்ஆர் இல்லை. ஆனால் வேறு ஒரு வசதி உண்டு. கடற்கரையிலிருந்து தாம்பரம் போன வண்டி, அங்கே பத்துப் பதினைந்து நிமிடம் நின்றுவிட்டுப் பெரும்பாலும் அப்படியே திரும்பி வரும். எந்த நிலையத்தில் எத்தனை மணி வண்டியிலிருந்து இறங்கினீர்கள், முன்னாலிருந்து எத்தனையாவது பெட்டி, மகளிர் பெட்டியா, முதல் வகுப்பா என்று நிலைய அதிகாரியிடம் சொன்னால் கடைசி நிலையத்துக்குத் தகவல் போகும்.

மெட்ரோவில் நிலையக் கட்டுப்பாட்டு அறை ஊழியரிடம் சொன்னால் போதும். பெட்டிக்குள்ளும் கேமரா, பிளாட்பாரத்திலும் கேமரா. அங்கே பொருள் தொலைவது கொஞ்சம் கஷ்டம்தான்.

அரசுப் பேருந்துதான் இருப்பதிலேயே சிக்கலானது. ஆனாலும் அதற்கென்று ஒரு முறை உண்டு. முதலில் டிக்கெட். கசக்கித் தூக்கிப் போடுகிறோமே அந்தச் சின்னத் தாளில்தான் தடம், நேரம் எல்லாம் அச்சாகியிருக்கும். அடுத்து வண்டி எண். பதிவெண்ணில் TN-க்கும் அதையடுத்த இரண்டு இலக்கத்துக்கும் பிறகு N என்ற ஆங்கில எழுத்து வந்தால் அது அரசுப் போக்குவரத்துக் கழக வண்டி. உடம்பில் பணிமனையைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் பெரிதாக எழுதியிருப்பார்கள். இவற்றோடு பேருந்து கடைசியாகப் போய் நிற்கும் நிலையத்தில் டைம் கீப்பரைப் போய்ப் பாருங்கள். எந்த வண்டி எப்போது வந்தது, அடுத்து எங்கே போகிறது, கண்டக்டர் யார் என்பது அவர் கையில் இருக்கும். சென்னை மாநகரப் பேருந்தானாலும் மற்றப் போக்குவரத்துக் கழகப் பேருந்தானாலும் 149 என்ற எண்ணுக்கும் சொல்லலாம். ஆனால் டைம் கீப்பர் முன்னால் போய் நிற்பதற்கு ஈடாகாது.

கண்டக்டர் பொருளைப் பார்த்து எடுத்து வைத்திருந்தாலும், அவர் பணி முடித்து வே-பில் என்ற டிக்கெட் கணக்குத் தாளையும் வசூலையும் டிப்போவில் கட்டும்போதுதான் அதையும் ஒப்படைப்பார். காலை ஷிப்ட் வண்டியில் விட்டிருந்தால் மதியத்துக்குமேல் டிப்போவுக்குப் போவது உத்தமம். காலையிலேயே போய் "இல்லை" என்ற பதிலோடு திரும்பிவிட்டால், பிறகு வந்து சேர்ந்ததை யாரும் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை.

ஆம்னி பேருந்தில் டிக்கெட் எஸ்எம்எஸ்ஸில் ஓட்டுநர் எண் இருக்கும். வண்டி கழுவப் போவதற்குள் கூப்பிடுங்கள். செயலி வழியாகப் பிடித்த ஆட்டோ, டாக்சி என்றால் பயண வரலாற்றில் "பொருளைத் தொலைத்துவிட்டேன்" என்ற இடம் உண்டு. திருப்பித் தர வருகிற ஓட்டுநருக்குப் பெட்ரோல் காசு கொடுப்பது மரியாதை.

கையைக் காட்டி நிறுத்திய வண்டியில் விட்டால் என்ன செய்வது? 1999 அக்டோபரில் நியூயார்க்கில் செல்லோ கலைஞர் யோ-யோ மா, 1733-இல் செய்யப்பட்ட தன் இசைக்கருவியை டாக்சியின் டிக்கியில் விட்டுவிட்டு இறங்கிப் போனார். விலை சுமார் 25 லட்சம் டாலர். கையில் டாக்சி ரசீது இருந்தது. அதை வைத்துப் போலீஸ் வண்டியைக் கண்டுபிடித்து, அன்றைக்கே கருவி திரும்பி வந்துவிட்டது. நம் ஆட்டோவில் ரசீது ஏது என்று கேட்பீர்கள். யுபிஐயில் பணம் கொடுத்திருந்தால் ஓட்டுநரின் பெயரும் கணக்கும் உங்கள் போனிலேயே இருக்கிறது. அந்தக் கணக்குக்கு ஒரு ரூபாய் அனுப்பி, குறிப்பில் "பை உங்கள் வண்டியில்" என்று எழுதிப் பாருங்கள். என் தம்பிக்கு ஒரு முறை பலித்திருக்கிறது.

படி 4: ஜன்னல் வழியே விழுந்தால்

படியில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போது போன் வெளியே விழுந்துவிட்டதா? அபாயச் சங்கிலியைத் தொடாதீர்கள். தக்க காரணமில்லாமல் இழுத்தால் ரயில்வே சட்டம் பிரிவு 141-இன்படி ஒரு வருடம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூட. அதற்குப் பதில் தண்டவாளத்தின் ஓரம் வரிசையாக நிற்கும் மின்கம்பத்தைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் மேலே கிலோமீட்டர், கீழே கம்ப வரிசை என்று ஒரு எண் எழுதியிருக்கும். 61-க்குக் கீழே 14 என்றால் 61 என்ற கிலோமீட்டரில் 14 என்று எண்ணிட்ட கம்பம். கண்ணில் பட்ட முதல் கம்பத்தின் எண்ணையும், எந்த இரண்டு நிலையத்துக்கு நடுவில் என்பதையும் 139-க்குச் சொன்னால், தேடப் போகிறவருக்குச் சில நூறு மீட்டர்தான் வேலை.

படி 5: எப்படிச் சொல்வது?

இந்தப் படியில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். "கறுப்புப் பை சார், முக்கியமான பை" என்றால் எடுப்பவருக்கு என்ன புரியும்? முக்கியம் உங்களுக்கு. அவருக்குத் தேவை நிறம், அளவு, நிறுவனப் பெயர், கிழிசல், ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர், ஜிப்பில் கட்டியிருக்கும் நூல்.

வெளி அடையாளம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் அடையாளத்தில் ஒன்றை மட்டும் சொல்லாமல் வைத்திருங்கள். வாங்கப் போகும்போது அதுதான் உங்கள் சாவி. பணம் இருந்தால் மொத்தத் தொகையோடு எந்த நோட்டு எத்தனை என்றும் யோசித்து வையுங்கள்.

பயத்தில் பொய் சொல்லாதீர்கள். ஆளில்லாத பை என்றால் முதலில் வருவது மோப்ப நாய். அப்புறம்தான் மனிதர்கள். உள்ளே கேஸ் அடுப்பு ரெகுலேட்டர், பேட்டரி, வயர், மண் நிறைந்த டப்பா என்று ஏதாவது இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சாப்பாடு இருந்தாலும் சொல்லுங்கள். கெட்டுப்போகும் பொருளை எங்கேயும் வைத்துக் காக்க மாட்டார்கள். அல்வாவை விட்டிருந்தால் நான் போனே செய்திருக்க மாட்டேன்.

அஸ்திக் கலசம், செயற்கைக் கால், கேட்கும் கருவி, பல்செட் என்று சொல்லக் கூச்சப்படும் பொருள்களும் உண்டு. கூச்சமே வேண்டாம். அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் பார்க்காத பொருள் கிடையாது. லண்டன் போக்குவரத்தின் தொலைந்த பொருள் அலுவலகம் 1933 முதல் 2019 வரை பேக்கர் தெருவில் இருந்தது. அங்கே வந்து சேர்ந்தவற்றில் பஞ்சடைத்த பேத்தை மீன், மனித மண்டையோடு, புல்வெட்டும் இயந்திரம், பூங்கா பெஞ்சு, நாடகத்துக்குச் செய்த சவப்பெட்டி, 14 அடிப் படகு எல்லாம் உண்டு. படகை மறந்து இறங்கியவர் எப்படிப்பட்ட அவசரத்தில் இருந்திருப்பார் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். அந்த அலுவலகத்தின் கணினிப் பதிவேட்டுக்கு ஷெர்லாக் என்று பெயர் வைத்திருந்தார்கள். பேக்கர் தெருவில் வேறென்ன பெயர் வைப்பார்கள்?

லண்டனில் இருக்கும் நம் ஆட்களுக்கு ஒரு வரி: பொருளை மூன்று மாதம் வைத்திருப்பார்கள், புகாரை இணையத்தில் பதிய வேண்டும், கிடைத்தால் கட்டணம் கட்டித்தான் வாங்க வேண்டும்.

படி 6: போனும் அட்டைகளும் ஆவணங்களும்

போனைத் தொலைத்தால் முதலில் இன்னொரு போனிலிருந்து அதற்கே அடியுங்கள். எடுத்தவர் நல்லவராக இருந்தால் கதை அத்தோடு முடிந்தது. யாரும் எடுக்கவில்லை என்றால் அடுத்தது வங்கியும் யுபிஐயும். பிறகு சிம்மை முடக்கி, அதே எண்ணில் புது சிம் வாங்குங்கள். பிறகு காவல்துறையில் புகார் கொடுத்து, அந்த நகலோடு மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் சிஇஐஆர் பகுதிக்குப் போங்கள். 2023 மே மாதம் முதல் நாடு முழுக்க நடைமுறையில் உள்ள ஏற்பாடு இது. ஐஎம்இஐ எண்ணை, அதாவது ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்ணைப் பதிந்தால் அந்தக் கருவி எந்த சிம்மிலும் வேலை செய்யாமல் தடுத்துவிடலாம். யாராவது அதில் சிம் போட்டுப் பார்த்தால் தடயமும் கிடைக்கும். ஐஎம்இஐ எண் தெரியவில்லையா? போன் வாங்கிய பில்லிலும் அட்டைப்பெட்டியிலும் இருக்கும். இதைப் படிக்கும்போது போன் கையில் இருக்கிறதென்றால், இப்பொழுதே *#06# அடித்து வரும் எண்ணை எங்காவது எழுதி வையுங்கள்.

சான்றிதழ், ஆர்சி புத்தகம், லைசென்ஸ் போன்றவை போனால் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் தொலைந்த ஆவணத்துக்கான அறிக்கையைப் பதியலாம். நகல் வாங்கப் போகும் இடங்களில் அதைக் கேட்பார்கள். ஆதார் அட்டை போனால் அவ்வளவு பதற வேண்டாம். எண் இருந்தால் மறுபடி பதிவிறக்கம் செய்துகொள்ளலாம்.

படி 7: வாங்கப் போகும்போது

கையில் எடுத்துப் போக வேண்டியவை: அடையாள அட்டை, பயணச்சீட்டு அல்லது அதன் எஸ்எம்எஸ், புகார் எண், பொருளின் பழைய படம் இருந்தால் அது. விலை உயர்ந்த பொருள் என்றால் பில். வேறொருவரை அனுப்பினால் உங்கள் கையெழுத்திட்ட கடிதமும் உங்கள் அடையாள அட்டை நகலும்.

பெட்டியை உங்கள் முன்னால் திறந்து, பட்டியல் போட்டு, பணமாக இருந்தால் எண்ணி, அதன்பிறகே கையெழுத்து வாங்குவார்கள். அவசரப்பட்டுக் கையெழுத்தைப் போட்டுவிட்டு வெளியே வந்து எண்ணாதீர்கள். அங்கேயே பாருங்கள், அங்கேயே சொல்லுங்கள்.

அன்றைக்கே கிடைக்காவிட்டால் கைவிட வேண்டாம். யாரும் கேட்காத பொருள் நிலையத்தில் சில நாள் இருந்துவிட்டு, பதிவேட்டில் ஏறி, தொலைந்த பொருள் அலுவலகத்துக்குப் போகும். அங்கேயும் யாரும் கேட்காவிட்டால் முடிவில் ஏலம். எனவே மூன்றாம் நாள் ஒரு போன், பத்தாம் நாள் ஒரு போன். மும்பைப் பக்கம் பயணம் செய்தவர்கள் மேற்கு ரயில்வேயின் இணையதளத்தையும் பார்க்கலாம். கண்டெடுத்த சாமான்களைப் படத்தோடு போடும் 'மிஷன் அமானத்' என்ற ஏற்பாட்டை 2022-இல் தொடங்கினார்கள். பொறுப்பில் ஒப்படைக்கப்பட்ட பொருள் என்ற இதே சொல்லைத்தான் நம் தமிழ் முஸ்லிம் வீடுகளில் அமானிதம் என்கிறோம்.

படி 8: நீங்களே கண்டெடுத்தால்

பக்கத்து இருக்கையில் பை கிடக்கிறது. திறந்து பார்க்க வேண்டாம், தூக்கவும் வேண்டாம். பேருந்தில் கண்டக்டரிடம், ரயிலில் டிடிஇயிடமோ 139-க்கோ சொல்லுங்கள். வீட்டுக்கு எடுத்துப் போய் ஃபேஸ்புக்கில் போட்டு உரியவரைத் தேடுவது நல்லெண்ணம்தான். ஆனால் உரியவர் தேடுவது டிப்போவில்.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் பிரிவு 71, கண்டெடுத்துத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்பவரைப் பிறர் பொருளைப் பாதுகாக்கும் பொறுப்பாளராகவே பார்க்கிறது. அதாவது தன் பொருளைப்போல் பத்திரமாக வைக்க வேண்டும். பிரிவு 168-இன்படி, சொந்தக்காரர் சன்மானம் அறிவித்திருந்தால் அதைக் கேட்டு வழக்கே போடலாம். ஆனால் யாருடையது என்று தெரிந்தோ, தேடினால் தெரியும் என்றிருந்தோ, அமுக்கிக்கொண்டால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் பிரிவு 314: ஆறு மாதத்துக்குக் குறையாத, இரண்டு வருடம் வரை போகக்கூடிய சிறையும் அபராதமும்.

ஜப்பானில் சன்மானத்துக்கே சட்டத்தில் கணக்கு உண்டு. கண்டெடுத்து ஒப்படைத்தவர் பொருளின் மதிப்பில் 5 முதல் 20 சதவீதம் வரை கேட்கலாம். ரயில் போன்ற இடங்களில் எடுத்ததென்றால் அதில் பாதி. மூன்று மாதம் யாரும் வராவிட்டால் பெரும்பாலான பொருள்கள் எடுத்தவருக்கே சொந்தம்.

படி 9: அடுத்த பயணத்துக்கு முன்

டோக்கியோ காவல்துறையின் தொலைந்த பொருள் மையத்துக்கு வருடத்துக்குச் சுமார் 40 லட்சம் பொருள்கள் வருகின்றன. அதில் போன்களில் ஐந்துக்கு நாலு உரியவரிடம் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. குடைகள் மூன்று லட்சம் அளவில் வருகின்றன. தேடி வந்து வாங்குபவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான். குடை மலிவு என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், மூன்று லட்சத்தில் உங்களுடையது எது என்று எப்படிச் சொல்வீர்கள்?

தங்கமே ஆனாலும் இதே கதைதான். 2019 அக்டோபரில் சுவிட்சர்லாந்தில் சென்ட் காலன் ஊரிலிருந்து லூசெர்ன் போன ரயிலில் மூன்று கிலோவுக்கு மேல் தங்கக் கட்டியை யாரோ விட்டுவிட்டுப் போனார்கள். மதிப்பு சுமார் 1,82,000 பிராங்க். மாதக்கணக்கில் தேடியும் ஆள் அகப்படாமல், 2020 ஜூனில் அதிகாரிகள் பொது அறிவிப்பு கொடுத்தார்கள். உரிமை கோர ஐந்து வருடம் அவகாசம் தந்திருந்தார்கள். தங்கக் கட்டியும் கறுப்புக் குடை மாதிரிதான், ஒன்றைப்போலவே இன்னொன்று. பெயரெழுதி வைக்க யாருக்கும் தோன்றாது.

ஆகவே பெயர் எழுதுங்கள். நம் வீடுகளில் எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டி வைத்தார்களே, கல்யாண வீட்டில் நூறு தூக்குவாளிக்கு நடுவே நம்முடையதைக் கண்டுபிடிக்கத்தான். அதே வேலையை டிராலி பெட்டிக்கும் செய்யலாம். கைப்பிடியில் பழைய சுங்கிடிப் புடவைத் துண்டைக் கட்டுங்கள். பைக்குள் ஒரு தாளில் பெயரும் போன் எண்ணும் எழுதிப் போடுங்கள். வெளியே முகவரி எழுத வேண்டாம், வீடு பூட்டியிருக்கிறது என்று ஊருக்கே சொன்னதாகிவிடும். போனின் பூட்டுத் திரையில் வீட்டில் இன்னொருவரின் எண் தெரியும்படி வையுங்கள். வண்டி ஏறி சாமான்களை அடுக்கியதும் ஒரு படம் எடுங்கள், எத்தனை உருப்படி என்று எண்ணுங்கள். இறங்குமுன் அதே எண்ணிக்கை வருகிறதா என்று பாருங்கள். பெர்த்துக்கு அடியில் போனின் டார்ச்சை ஒரு முறை அடித்துப் பாருங்கள்.

குடைக்கு நான் செய்வது இது: மனைவியின் நகப்பூச்சை வாங்கிக் கைப்பிடியில் மூன்று சிவப்புப் புள்ளி. இந்த மழைக்காலத்தில் 21ஜி பேருந்தில் ஒரு முறை விட்டேன். டிப்போவில் ஒரு மூலையில் குடைகள் விறகுக்கட்டு மாதிரிக் கிடந்தன. "மூணு சிவப்புப் புள்ளி" என்றேன். அங்கிருந்தவர் இரண்டு குடையைத்தான் புரட்டியிருப்பார்.